இரண்டும் கருப்பு, குஞ்சு மட்டும் சிவப்பு எப்படி?

மாடிக்கூண்டு, வியாசர்பாடி:
என்னிடம் ஒரு ஜோடி கர்ணப்புறா இருக்கிறது. ஆண், பெட்டை இரண்டும் நல்ல மை கருப்பு. முதல் முறை வந்த குஞ்சு இரண்டும் கருப்பு. அடுத்த முறை ஒன்று கருப்பு, இன்னொன்று சாம்பல், சிறகில் இரண்டு கருப்புக் கோடு. இப்போது பொரித்ததில் ஒன்றுக்குச் செங்கல் நிறத்தில் இறகு முளைக்கிறது! "பெட்டை வேற சேவலோட சேர்ந்துடுச்சு, தள்ளிவிடு" என்கிறார்கள் தெருவில். முட்டையிடும்வரை ஜோடியை வெளியே விட்டதே இல்லை. அதை விற்க எனக்கு மனசு வரவில்லை.

ராயபுரம் புறாக்காரர்:
விற்காதே தம்பி. எங்கள் கூண்டிலும் இப்படி வந்திருக்கிறது. பழைய ரத்தம் திரும்பும் என்பார் அப்பா.

காசிமேடு பெரியவர்:
முதலில் வாலைப் பார் தம்பி. வாலும் சிறகு நுனியும் சாம்பலாக வெளுத்திருந்தால் அது வேறு வகைச் சிவப்பு. அது ஒளிந்து வராது, தாயிடமோ தகப்பனிடமோ தெரிந்தே ஆகும். அப்படியென்றால் தெருவில் சொல்வது சரி. வால் முழுக்க அதே செங்கல் நிறம் என்றால் உன் ஜோடியின் குஞ்சுதான்.

உன் கருப்புக்கு அடியில் இருப்பது கோடு போட்ட சாம்பல். ஸ்பிரெட் என்ற ஜீன் அந்தக் கோட்டின் கருப்பை உடம்பெல்லாம் பரப்புகிறது. சாம்பல் குஞ்சுக்கு அது தாயிடமிருந்தும் வரவில்லை, தகப்பனிடமிருந்தும் வரவில்லை. சிவப்பு இன்னொரு ஜீன். இரண்டு பக்கமும் வந்தால்தான் வேலை செய்யும், வந்துவிட்டால் கருப்பு, சாம்பல் எதையும் வெளியே காட்டாது. உன் ஜோடியில் இரண்டுமே அதை ஒற்றையாகச் சுமக்கின்றன. கணக்குப்படி 16 குஞ்சில் 9 கருப்பு, 3 சாம்பல், 4 சிவப்பு. நாலைந்து குஞ்சில் இந்தக் கணக்கு அப்படியே வராது, அதற்காகக் குழம்பாதே. 2014-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் இந்தச் சிவப்பை ஆராய்ந்தார்கள். சாக்ஸ்10 என்ற ஜீனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விட்டுப்போனதுதான் காரணம் என்று கண்டார்கள். பெட்டை மேல் பழி போடாதே.

மாடிக்கூண்டு, வியாசர்பாடி:
ரொம்ப நன்றி அண்ணே. இன்று காலை குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வால் இறகு குழலை உடைத்துக்கொண்டு அரை விரல் வந்திருக்கிறது. ஒன்றில்கூட வெளுப்பு இல்லை, அடிவரை செங்கல்தான். பெட்டையைக் கொடுக்க மாட்டேன். நான் போட்ட துடைப்பக் குச்சியை ஆண் எடுத்துக் கொடுக்க, அது மறுபடி அடைக்கு இடம் பார்க்கிறது.