ரேடாரே இல்லாத ஜெட் எஃப்-22க்கு எதிரியா? பழைய போர் விமானங்களை வைத்துப் பயிற்சி தருவது பற்றி

இளவேனில்:
அமெரிக்காவின் லாங்லி விமானத் தளத்தில், ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-22 போர் விமானத்தின் விமானிகளுக்குப் பயிற்சியில் எதிரியாகப் பல வருடம் பறந்தது டி-38. 1961இல் பணிக்கு வந்த பயிற்சி ஜெட் அது. அதில் ரேடார் கிடையாது. தரையிலிருந்து யாராவது திசை சொன்னால்தான் எதிராளி எந்தப் பக்கம் வருகிறார் என்றே அந்த விமானிக்குத் தெரியும். அமெரிக்கக் கடற்படை சுவிட்சர்லாந்து கழித்துவிட்ட எஃப்-5களை வாங்கி இன்றும் ஓட்டுகிறது. தனியார் நிறுவனங்கள் ஸ்பெயினும் பிரான்ஸும் ஓய்வு கொடுத்த மிராஜ் எஃப்1களை வாங்கி, எதிரி வேடத்துக்கு வாடகைக்கு விடுகின்றன.

இவற்றோடு மோதி ஜெயிக்கும் விமானி எதைக் கற்றுக்கொள்கிறார்? தினமும் தோற்கும் எதிரியையே பார்த்துப் பழகினால், நிஜப் போரின் முதல் நாளில் கையில் இருப்பது பொய்யான நம்பிக்கை மட்டும்தான். இது பயிற்சியே இல்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

வான்மறவன்:
முழுக்க மறுக்கிறேன். இந்த முறை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். வியட்நாமில் ஏவுகணைகள் குறி தவறிக்கொண்டே இருந்தன, சோவியத் மிக்-17 போன்ற எளிய விமானங்களிடம் அமெரிக்காவின் பேண்டம் போர் விமானங்கள் திணறின. ஏன் என்று கடற்படை 1968இல் ஆராய்ந்ததில் ஆல்ட் அறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக 1969 மார்ச்சில் மிராமர் தளத்தில் வான் சண்டை கற்பிக்கும் டாப்கன் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே எதிரி வேடம் போட்டது ஏ-4 ஸ்கைஹாக். நேராகப் பறந்தால் ஒலி வேகத்தைக்கூடத் தாண்டாத தாக்குதல் விமானம் அது. ஆனால் சின்ன உருவம், இறுக்கமான திருப்பம். பேண்டமோ கறுப்புப் புகை கக்கிக்கொண்டு வரும், தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பலன் என்ன? போரின் முதல் பாதியில் கடற்படை ஒரு விமானத்தை இழந்து இரண்டு மூன்று மிக்குகளை வீழ்த்திக்கொண்டிருந்தது. 1970க்குப் பிறகு அது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவுக்கு ஏறியது. விமானம் அதே பேண்டம்தான். மாறியது உள்ளே உட்கார்ந்திருந்தவர்.

செழியன்:
வான்மறவன், நீங்கள் சொன்ன வரலாறு சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவோடுதான் எனக்குச் சண்டை. ஸ்கைஹாக் அன்றைக்குப் பழைய விமானம் என்பதற்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மிக்-17 மாதிரியே திரும்பும் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்து எஃப்-5ஈ வந்ததும் அப்படித்தான். நீளம் மிக்-21 அளவே, 14 மீட்டரைச் சற்றுத் தாண்டும். கண்ணுக்குத் தெரியும் உருவமும் கிட்டத்தட்ட ஒன்று. அதாவது அன்றைய எதிரியின் நகல். இன்றைய எதிரி யார்? சீனாவின் ஜே-20 ஸ்டெல்த் விமானம், அதாவது ரேடாரில் எளிதில் சிக்காதது. அதன் பிஎல்-15 ஏவுகணை. பின்னால் வழிகாட்ட கேஜே-500 ரேடார் விமானம். இதற்கு எஃப்-5 எந்த வகையில் நகல்?

நகலே போதும் என்றால் டோனோபா பாலைவனத்தில் ரகசியமாக நிஜ மிக்குகளைப் பறக்கவிட்டது ஏன்? 1979 முதல் 1988 வரை மிக்-17, மிக்-21, மிக்-23 என்று 15,000க்கும் மேற்பட்ட பறப்புகள். கான்ஸ்டன்ட் பெக் என்ற அந்தத் திட்டம் 2006இல்தான் வெளியே தெரிந்தது.

வான்மறவன்:
கான்ஸ்டன்ட் பெக் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது, செழியன். நிஜ மிக் முதல் தடவை பக்கத்தில் வந்து நின்றதும் நல்ல விமானிகளுக்கே கை ஓடவில்லை. அந்தத் திகைப்பை வீட்டுப் பக்கத்து வானிலேயே கழித்துவிடுவதுதான் அங்கே கிடைத்த பெரிய லாபம். அதைத் தந்தவையும் அன்றைய கணக்கில் பழைய விமானங்களே.

இன்னொன்று. 2004 பிப்ரவரியில் குவாலியரில் இந்திய, அமெரிக்க விமானப்படைகளின் கோப் இந்தியா கூட்டுப் பயிற்சி நடந்தது. அலாஸ்காவிலிருந்து எஃப்-15சி வந்தது. எதிரே நின்றவற்றில் இந்தியாவின் மிக்-21 பைசனும் ஒன்று. அந்தப் பழைய உடலை அமெரிக்கர்கள் லேசாக எடைபோட்டிருந்தார்கள், அது அவர்களை வியக்க வைத்தது. வயதை வைத்து எதிரியை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இளவேனில்:
குவாலியர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். எஃப்-15கள் எண்ணிக்கையில் குறைவு, அவாக்ஸ் என்ற ரேடார் விமானத்தின் துணையும் இல்லை. அதைவிட முக்கியம், பைசன் சாதாரண மிக்-21 இல்லை. புது ரேடார், ஆர்-77 ஏவுகணை, எதிரி ரேடாரைக் குழப்பும் ஜாமர் எல்லாம் சேர்த்துப் புதுப்பித்த விமானம். அது வியக்க வைத்ததே உள்ளே இருந்த சாமான்களால்தான். ரேடாரே இல்லாத டி-38 அந்த வரிசையில் வராது.

விவாதத்தில் யாரும் தொடாத ஒன்றையும் சொல்கிறேன். எதிரி வேட விமானியின் பாதி வேலை தரையிறங்கிய பிறகுதான். எல்லோரையும் உட்காரவைத்து, நீ இந்த நொடியில் திரும்பினாய், அப்போது உன்னை நான் பிடித்துவிட்டேன் என்று நிமிடம் நிமிடமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். டி-38 விமானி என்ன சொல்வார்? கண்ணுக்கெட்டாத தூரத்திலேயே அவர் செத்துவிட்டதாக அறிவித்துவிடுகிறார்கள். எதிராளியை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

தாமரை:
நான் விமானப் பராமரிப்புப் பக்கம் இருப்பவள், அந்தக் கண்ணோடு ஒரு விஷயம். புது விமானத்தையே எதிரி வேடத்துக்கு விடலாமே என்று இங்கே சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கடற்படை அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1987 வாக்கில் எஃப்-16என் என்று 26 விமானங்களைப் புதிதாகவே வாங்கியது. எதிரி வேடம் என்றால் தினமும் உச்ச ஜி விசையில் திருப்பம், மறுபடி திருப்பம். உடற்சட்டத்தில் விரிசல் விழுந்து, 1994க்குள் எல்லாவற்றையும் ஓய்வு கொடுத்து ஒதுக்கிவிட்டார்கள். பத்து வருடம்கூட ஓடவில்லை. அவற்றைவிடப் பழைய எஃப்-5கள் இன்னும் பறக்கின்றன.

புது ஸ்டெல்த் விமானமான எஃப்-35இன் ஒரு மணி நேரப் பறப்புக்கு 30,000 டாலருக்கு மேல் ஆகிறது. அதன் ஆயுள் மணிகளை எதிரியாக நடிப்பதில் கரைத்தால், போருக்கு வைத்திருக்கும் விமானம்தான் தேயும். எதிரி வேடத்துக்குத் தனி ஆள் இல்லாத இடங்களில் போர் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) விமானிகளே மாறி மாறி அந்த வேலையைச் செய்கிறார்கள். அந்த நேரமெல்லாம் அவர்களுடைய சொந்தப் பயிற்சி நின்றுபோகிறது.

செழியன்:
செலவுக் கணக்கு புரிகிறது, தாமரை. உயிர்க் கணக்கும் இருக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்காவின் நெல்லிஸ் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மிராஜ் எஃப்1 விழுந்து விமானி இறந்தார். 2012இல் ஃபாலன் தளத்தில் கிஃபிர் என்ற பழைய இஸ்ரேலிய ஜெட் ஒன்று விழுந்தது, அதிலும் விமானி பிழைக்கவில்லை. விமானம் விழ வயது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தயாரிப்பே நின்றுபோன ஒற்றை என்ஜின் ஜெட்டுக்கு உதிரிபாகம் தேடி அலைவது எப்படியென்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஸ்டெல்த் எதிரியைக் காட்ட ஸ்டெல்த் விமானம்தான் வேண்டும் என்று அமெரிக்க விமானப்படையே ஒத்துக்கொண்டுவிட்டது. 2022இல் நெல்லிஸில் 65ஆம் அக்ரஸர் (எதிரி வேட) ஸ்குவாட்ரனை எஃப்-35ஏ விமானங்களோடு மறுபடி தொடங்கினார்கள்.

வான்மறவன்:
65 இருக்கட்டும், வேண்டும். ஆனால் எதிரி ஒற்றையாக வருவதில்லை. ஸ்டெல்த் நிலையில் எஃப்-35 வயிற்றுக்குள் சுமப்பது நாலு ஏவுகணை. எட்டு விமானம் வந்தால்? நாலும் தீர்ந்த பிறகு, மிச்சம் இருப்பவர்கள் நெருங்கி வந்த பிறகு என்ன செய்வது? அந்த இடத்தில்தான் எஃப்-5 பயங்கரமானது. நேருக்கு நேர் வரும்போது கண்ணுக்கே தட்டுப்படாத சிறு உருவம்.

ரெட் ஃபிளாக் என்ற அமெரிக்க விமானப்படையின் பெரிய போர்ப் பயிற்சியில் வீழ்த்தப்பட்ட எதிரி, எல்லைக்குப் போய்த் தொட்டுவிட்டு உயிர்பெற்றுப் புது எதிரியாகத் திரும்பி வருவார். வானத்தை எதிரிகளால் நிரப்ப இப்படி நிறைய இயந்திரங்கள் வேண்டும், அவை மலிவாகவும் இருக்க வேண்டும். போரில் முதல் பத்துப் பறப்புகளைத் தாண்டியவர் பிழைப்பார், அந்தப் பத்தை இங்கேயே பறக்கவிட வேண்டும் என்றுதான் 1975இல் ரெட் ஃபிளாக்கையே தொடங்கினார்கள். எண்ணிக்கை கொடுக்கும் நெருக்கடியை இரண்டு எஃப்-35ஆல் தர முடியாது.

தாமரை:
இரண்டு பக்கமும் சொல்வதை ஏற்கெனவே ஒரே விமானத்தில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தனியார் நிறுவனம் இஸ்ரேலின் பழைய எஃப்-16ஏக்களை வாங்கி, ஏஇஎஸ்ஏ என்ற நவீன வகை ரேடாரும் வெப்பத்தை வைத்து விமானத்தைத் தேடும் அகச்சிவப்புக் கருவியும் பொருத்திப் பறக்கவிடுகிறது. சுவிஸ் எஃப்-5களுக்கும் புது காக்பிட் போடுகிறார்கள். உடல் பழையதாக இருக்கட்டும். அது பார்க்கிற எல்லாம் புதியதாக இருந்தால், இளவேனில் கேட்ட நிமிடக் கணக்கை அந்த விமானியால் சொல்ல முடியும்.

இளவேனில்:
அதற்கு நான் எதிரியே இல்லை, தாமரை. என் கோடு இதுதான்: ரேடார், தன்னை யார் ரேடாரில் பிடிக்கிறார்கள் என்று சொல்லும் எச்சரிக்கைக் கருவி, ஜாமர். மூன்றும் இல்லாத எதையும் எதிரி என்று கணக்கில் எழுதக் கூடாது.

வான்மறவன்:
அப்படி ஒரே கோடு போட்டால் தொடக்க நிலை மாணவருக்கு ஏணியின் முதல் படியே இல்லாமல் போகும். ஒன்றுக்கு ஒன்று திரும்பி மோதக் கற்பவருக்கு ஜாமர் எதற்கு? அந்தப் படிக்கு டி-38 போதும். பறப்பு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

இளவேனில்:
முதல் படிக்கு மட்டும் என்றால் சரி. ஆனால் லாங்லியில் அதோடு பறந்தவர்களில் 27, 94 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்களும் உண்டு. நாளைக்கே போருக்குக் கிளம்ப வேண்டியவர்கள் அவர்கள். அவர்களை எந்தப் படியில் வைப்பீர்கள்?