தொட்ட பிறகு “ஜாதூப்”: உங்களுக்கும் நடந்ததா?

கருப்புயானை:
செஸ் ஓப்பன் ரேட்டிங் போட்டி, கடைசிக்கு முந்தைய சுற்று. எதிரே ஆடியவர் பிஷப்பைத் தூக்கிவிட்டார். அது நகர்ந்தால் பின்னாலிருக்கும் ராணி காலி. இரண்டு விரலுக்கு நடுவில் பிஷப் அந்தரத்தில் நிற்கிறது, மனிதர் பலகையையே பார்க்கிறார். அப்புறம் மெல்ல அதே கட்டத்தில் இறக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு “ஜாதூப்” (பிரெஞ்சில் ‘சரிசெய்கிறேன்’) என்றார். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டுமே! நடுவரைக் கூப்பிட்டேன். “நான் பார்க்கலையே, ஆடுங்க” என்றார். ஆட்டம் டிரா. இன்னும் ஆறவில்லை.

சிப்பாய்64:
‘காயைச் சரிசெய்கிறேன்’ என்று தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 4.2 அதைத்தான் சொல்கிறது. பிரெஞ்சில்தான் சொல்லணும் என்றும் இல்லை. இனிமேல் இப்படி நடந்தால் உடனே கடிகாரத்தை நிறுத்துங்கள். நீங்கள் ஒரு காயையும் தொடாதீர்கள்; ஆடும் நோக்கத்தோடு தொட்டுவிட்டால் புகார் சொல்லும் உரிமை போய்விடும். பக்கத்துப் பலகைக்காரர் பார்த்தாரா என்று நடுவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். எனக்கு நடந்தது வேறு. என் கடிகாரம் ஓடும்போதெல்லாம் ஒருவர் தன் குதிரைகளின் மூக்கைத் திருப்பிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு தடவையும் ஜாதூப்! அடுத்து நகர்த்த வேண்டியவர் யாரோ அவர்தான் சரிசெய்யலாம்.

பழையபலகை:
விதி எல்லாம் சரி சிப்பாய். சாட்சி இல்லாவிட்டால் எந்த விதி எடுபடும்? 1967-ல் சூஸ் நகரில் நடந்த இன்டர்சோனலில் (உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிப் போட்டி) யூகோஸ்லாவிய ஆட்டக்காரர் மட்டுலோவிச் தோற்கும் நகர்வை ஆடிவிட்டு, ஜாதூப் என்று சொல்லித் திரும்ப எடுத்து வேறு ஆடினார். எதிரே இருந்த பிலெக் புகார் செய்தும் பலிக்கவில்லை. மிச்சம் ‘ஜாதூபோவிச்’ என்ற பட்டம்தான். 1994 லினாரெஸ் போட்டியில் ஜூடித் போல்கருக்கு எதிராகக் காஸ்பரோவ் குதிரையிலிருந்து விரலை எடுத்துவிட்டு மறுபடி பிடித்து வேறு கட்டத்தில் வைத்தார். கால் நொடிதான், வீடியோவில் பதிவானது. போல்கருக்கு அப்போது 17 வயது. அங்கேயே புகார் செய்யவில்லை, தோற்றார். உலக சாம்பியனிடம் அந்தப் பெண் கடிகாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்று இங்கே உட்கார்ந்து சொல்வது சுலபம்.

கருப்புயானை:
கடிகாரத்தை நிறுத்தித்தான் கூப்பிட்டேன் சிப்பாய். பக்கத்துப் பலகைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.