ஊத்துக்குளி வகையறா

மணி: தேவி கண்ணு, எந்திரிச்சுட்டியா? கம்பெனி கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலும் தொறக்க மாட்டேங்குது. எல்லாப் பேருக்குப் பின்னாலயும் என்னமோ எழுத்து ஒட்டியிருக்குது

மணி: 📷 போட்டோ

மணி: பில்லு, சம்பளக் கணக்கு, டேலி எல்லாம் போச்சு. 3 நாளைக்குள்ள பிட்காயின்ல பணம் கட்டணுமாம்

சரசு: காலை வணக்கம் 🌺 வாழ்க வளமுடன்

சரசு: அய்யோ மணி, பாக்காம போட்டுட்டேன். என்னாச்சு?

தேவி: சித்தப்பா, இது ரான்சம்வேர். ஃபைலப் பூட்டி வெச்சுட்டுப் பணம் கேக்கற வைரஸ். மொதல்ல நெட் கேபிளப் புடுங்குங்க. வைஃபையும் நிறுத்துங்க. ஃபார்மட் கீர்மட் பண்ணிராதீங்க

மணி: புடுங்கியாச்சு

தேவி: பேக்கப்?

மணி: பென் டிரைவ்ல இருக்குது. அதுவும் அதுலயேதான் சொருகியிருந்துச்சு

கார்த்தி: 🤦

நடராஜன்: மணி, கேக்கறதக் குடுத்துட்டு வேலையப் பாரு. ஷிப்மெண்ட் இருக்குதில்ல

தேவி: வேண்டாங்க பெரியப்பா. 2021 மே மாசம் அமெரிக்காவுல கலோனியல் பைப்லைன் கம்பெனி 75 பிட்காயின் குடுத்துச்சு. அப்ப மதிப்புக்கு 44 லட்சம் டாலர். பூட்டத் தொறக்க வந்த மென்பொருள் நத்தையா ஊர்ந்துச்சு. கடைசில அவங்க பேக்கப்தான் கை குடுத்துச்சு

நடராஜன்: பைப்லைன்னா தண்ணிக் குழாயா?

தேவி: பெட்ரோல், டீசல். 5,500 மைல் குழாய். அங்க கிழக்குக் கரைக்கு வேணுங்கற எரிபொருள்ல 45% அதுலதான் போகுது. குழாய யாரும் தொடவேயில்ல, பூட்டுனது ஆபீஸ் கம்ப்யூட்டரத்தான். அங்கயும் பரவிருமோன்னு பயந்து கம்பெனியே நிறுத்திருச்சு. பெட்ரோல் பங்க்ல எல்லாம் வரிசை. உள்ள வந்தது ஒரு பழைய பாஸ்வேர்டு வழியா. ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டே இல்ல

மணி: நம்முளுது கம்பெனி பேரும் 123-ம்

கார்த்தி: அப்பா, இதக் குரூப்ல போடணுமா

நடராஜன்: அது எண்ணெய்க் கம்பெனி. இவன் 40 மெஷின் வெச்சுருக்கறவன். இவன் காசு குடுத்தா நாடு கெட்டுருமா?

தேவி: இந்த மாதிரி சில்லறைக் காசுலதான் பெருசுக்குக் கை வெக்கறாங்க பெரியப்பா. 2022 ஏப்ரல்ல கான்ட்டிங்கற ரான்சம்வேர் கும்பல் கோஸ்டாரிகா நாட்டு நிதி அமைச்சகத்துல பூந்துச்சு. வரி, சுங்கம் ரெண்டு சிஸ்டமும் படுத்துருச்சு. 1 கோடி டாலர் கேட்டவன் அப்புறம் 2 கோடின்னான். அரசாங்கம் குடுக்கல. புது ஜனாதிபதி சாவேஸ் மே 8-ந் தேதி பதவியேத்த கையோட நாடு முழுக்க அவசரநிலைன்னு கையெழுத்துப் போட்டாரு. குண்டு ஒண்ணும் விழுகல, கம்ப்யூட்டர் பூட்டுனதுக்குத்தான்

மணி: சுங்கம் நின்னா சரக்கு?

தேவி: காயிதத்துல எழுதி எழுதி அனுப்புனாங்க. கண்டெய்னர் தேங்கிருச்சு

மணி: தூத்துக்குடில ஒரு நாள் நின்னாலே எனக்குத் தூக்கம் வராது

சரசு: டெல்லி எய்ம்ஸ்லயும் இப்படித்தான ஏதோ ஆச்சு?

தேவி: ஆமா அத்தை, 2022 நவம்பர் 23. 5 சர்வர், 1.3 டெராபைட் தகவல். ஓபி சீட்டுல இருந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் நாள்கணக்குல கைல எழுதுனாங்க. நோயாளி யாரு, என்ன மருந்துன்னு தெரியாம நிக்கறதுக்கும் முற்றுகைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல

தேவி: சித்தப்பா, சைபர் கிரைம் நம்பர் 1930-க்குக் கூப்புட்டுப் புகார் குடுங்க. செர்ட்-இன்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு இருக்குது, அவங்களுக்கு 6 மணி நேரத்துக்குள்ள சொல்லோணும்னு 2022-ல இருந்து விதி, அந்த மெயில நான் எழுதறேன். ‘நோ மோர் ரான்சம்’னு ஐரோப்பிய போலீஸ் அமைப்பு யூரோபோல் ஆளுக சேந்து நடத்தற தளம் இருக்குது. சில வகைக்குச் சாவி சும்மாவே கெடைக்கும். மெரட்டல் நோட்ட எனக்கு அனுப்புங்க, பாக்கறேன்

கார்த்தி: ஆடிட்டர்கிட்ட போன மாசம் வரைக்கும் டேலி காப்பி இருக்குதாமா. இப்பத்தான் கேட்டேன்

நடராஜன்: இதுக்குத்தான் நான் இன்னும் நோட்டுலயே எழுதறேன். எந்தக் கும்பல் வந்து என் லெட்ஜரப் பூட்டும்?

சரசு: போன ஆவணில கரையான் வந்துச்சேண்ணா

நடராஜன்: அது வேற

மணி: லைன் கெடைச்சுருச்சு, பேசிட்டு வரேன். கார்த்தி, ஆடிட்டர் ஆபீசுக்கு வண்டிய எடு. புது பென் டிரைவ் ரெண்டு வாங்கிக்க