ஆஸ்திரேலியக் கூடைப்பந்து வீராங்கனை லாரன் ஜாக்சன் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

ஹோம்புஷ்வாசி:
2022 உலகக் கோப்பை, சிட்னி, கனடாவுடன் வெண்கலப் போட்டி. 2016இல் முழங்கால் போய் ஓய்வு பெற்றவர் 41 வயதில் திரும்பி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொடரில் அவரைக் கொஞ்ச நேரம்தான் இறக்கினார்கள். அன்று மட்டும் பந்து கைக்கு வந்தால் கூடைக்குள்தான். 30 புள்ளி! அவர் வெளியே வந்தபோது அரங்கமே எழுந்துவிட்டது. 2000 ஒலிம்பிக்கில் 19 வயதில் வெள்ளி வாங்கியதும் இதே அரங்கில்தான். என் பக்கத்து இருக்கைப் பெரியவர் அதையும் பார்த்தவராம். கைதட்டாமல், முன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆல்பரி அக்கா:
தம்பி, முழங்கால் தானாகப் போகவில்லை. அமெரிக்க லீக்கில் சியாட்டில் சீசன் முடிந்தால் இங்கே கான்பரா, இல்லையென்றால் கொரியா, ரஷ்யா. 2007இல் கொரியாவில் ஒரே ஆட்டத்தில் 56 புள்ளி எடுத்தார், சரி. ஆனால் உடம்புக்கு ஓய்வு எங்கே? அமெரிக்க லீக்கில் மூன்று முறை எம்விபி (சீசனின் சிறந்த வீராங்கனை) ஆனவரும் வெளிநாட்டுக் கிளப்புக்குப் போனால்தான் நல்ல காசு என்பதுதான் அன்றைய நிலை. எனக்கு அதில் இன்னும் கோபம்.
நான் பார்த்தது 2022இல், ஆல்பரியில், பாண்டிட்ஸ் அணிக்காக அவர் ஆடியபோது. வாசலில் அரங்கத்தின் பெயராக அவர் பெயர், உள்ளே அவரே வார்ம்அப் செய்கிறார். அண்டர் 12 ஆடும் என் மகள் பெயர்ப் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கோர்ட்சைடு:
பாரிஸ் 2024, பெல்ஜியத்தை 85-81 என்று வென்ற வெண்கலம். 43 வயதில் அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக் பதக்கம். அணிப்பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.
அக்கா, மகள் ஆடுகிறாள் என்றதால் சொல்கிறேன். இந்த வயதில் வருஷம் முழுக்கக் கூடைப்பந்து மட்டும் வேண்டாம். நெட்பால், நீச்சல் என்று கலந்து விடுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிகிறதா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஏசிஎல் (முழங்கால் தசைநார்) கிழியும் ஆபத்து அதிகம். மாநில அணித் தேர்வில் ஒரு வருஷம் விட்டுப்போனால் பதறாதீர்கள். பதினாறு, பதினேழில் அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப் பேச்சு வரும், அப்போது படிப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஜாக்சன் கான்பராவில் ஏஐஎஸ்ஸில் (ஆஸ்திரேலிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) தங்கிப் பயின்று, அந்த இளம் அணியோடு 1999இல் டபிள்யூஎன்பிஎல் (ஆஸ்திரேலியப் பெண்கள் லீக்) பட்டமே வென்றார். இங்கேயே வழி இருக்கிறது.

ஆல்பரி அக்கா:
நெட்பாலுக்கு அவள் வரமாட்டாள் தம்பி. முழங்கால் விஷயத்தைச் சனிக்கிழமை கேட்கிறேன்.