முன்பே பிரஷர் உண்டு, இப்போது மூன்றாம் மாதம்: மாத்திரையால் பிள்ளைக்குக் கெடுதலா?

கருங்கல் பெண்:
எனக்கு 33 வயது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிரஷர், டெல்மிசார்ட்டன் சாப்பிட்டு வந்தேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டர் அதை மாற்றி லேபெட்டலால் தந்தார், இப்போது ராத்திரி ஆஸ்பிரினும் சேர்த்திருக்கிறார். மாமிக்கு இது பிடிக்கவில்லை. தலைவலிகூட இல்லையே, வயிற்றுப்பிள்ளைக்காரி இவ்வளவு மாத்திரை தின்றால் பிள்ளை மெலிந்துதான் பிறக்கும், நிறுத்து என்கிறார். பிள்ளைக்குக் கெடுதல் மாத்திரையாலா பிரஷராலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பயமாக இருக்கிறது.

தக்கலை நர்ஸ்:
தங்கச்சி, நிறுத்திவிடாதே. பிள்ளையை மெலிய வைப்பது பெரும்பாலும் பிரஷர்தான். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைந்தால் பிள்ளைக்குச் சத்தும் ஆக்சிஜனும் குறையும், வளர்ச்சி பின்தங்கும், சில நேரம் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிடும், அம்மாவைக் காப்பாற்றவே குறைமாதத்தில் எடுக்க வேண்டி வரும். அமெரிக்காவில் 2400 கர்ப்பிணிகளுக்கு மேல் வைத்து நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. பிரஷரை 140/90-க்குக் கீழே வைத்தவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குத்தான் இந்த மாதிரிச் சிக்கல், மிக அதிகமானால் மட்டும் மருந்து என்று விட்டவர்களில் 37 பேருக்கு. மாத்திரை சாப்பிட்டதால் எடை குறைந்த பிள்ளைகள் கூடவும் இல்லை. மாமி பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, கர்ப்பத்தில் ஆகாத பிரஷர் மாத்திரைகள் உண்டு. நீ முன்பு சாப்பிட்ட டெல்மிசார்ட்டனும், எனாலபிரில் வகையும் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுத்து பனிக்குட நீரைக் குறைக்கும். அதனால்தான் மாற்றியிருக்கிறார்கள். ஆஸ்பிரின் பிரஷருக்கு இல்லை, பின்னால் சிறுநீரில் புரதம் போய் பிரஷர் எகிறும் நிலை வராமல் தடுக்க.

குளச்சல் அம்மா:
எனக்கும் இதே கதைதான். எட்டாம் மாத ஸ்கேனில் பிள்ளை வளரவில்லை என்றார்கள், பிள்ளையின் நுரையீரல் முதிர எனக்கு ஊசி போட்டு, அப்புறம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ரெண்டு கிலோகூட இல்லை. குதிகாலில் குத்திக் குத்தி சுகர் பார்த்ததுதான் தாங்க முடியவில்லை, ஆனால் எடை குறைந்த பிள்ளைக்குச் சுகர் சட்டென்று இறங்கும், அம்மா லேபெட்டலால் சாப்பிட்டிருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டுமாம். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கச் சொன்னார்கள், சூடு நிற்கும், பாலும் நன்றாகக் குடித்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஒன்று சொல்கிறேன், மரச்சீனியும் மீன்குழம்பும் தின்னு, கருவாடும் ஊறுகாயும் பப்படமும் வேண்டாம், அத்தனையும் உப்பு.

கருங்கல் பெண்:
ரொம்ப நன்றி அக்கா. மாமிக்கு இதை வாசித்துக் காட்டினேன், அடுத்த செக்கப்புக்குத் தானும் வருகிறேன் என்கிறார். எப்போது உடனே ஓட வேண்டும்?

தக்கலை நர்ஸ்:
கூட்டிக்கொண்டு போ, டாக்டரிடம் அவரே கேட்கட்டும். வீட்டில் மிஷின் வாங்கி அஞ்சு நிமிஷம் உட்கார்ந்த பிறகு பார், நோட்டில் எழுதிக் கொண்டு போ. 160/110 காட்டினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காதே, 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. பிரசவம் ஆனபிறகும் முதல் ஒன்றிரண்டு வாரம் பிரஷர் ஏறும், அப்போதும் மாத்திரையை நீயாக விடாதே.