டென்டல் படிப்புக்கு ராணுவ ஸ்காலர்ஷிப்: பையன் கையெழுத்துப் போடலாமா?

நியூஜெர்சி அம்மா:
வணக்கம். பையனுக்கு டென்டல் ஸ்கூலில் இடம் கிடைத்துவிட்டது. தனியார் கல்லூரி, வாடகை சாப்பாடு எல்லாம் சேர்த்தால் நான்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. 2026 ஜூலையிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தமே 2 லட்சம்தான் என்று சட்டம் மாறிவிட்டதால், மீதிக்குத் தனியார் வங்கியிடம்தான் போய் நிற்க வேண்டும். இவன் எச்.பி.எஸ்.பி. என்கிற அமெரிக்க ராணுவ ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறான். இங்கேயே பிறந்தவன், குடியுரிமை உண்டு. அவன் அப்பா கடன் எவ்வளவு ஆனாலும் சரி, பட்டாளம் மட்டும் வேண்டாம் என்கிறார். உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

டெக்சஸ் பல் டாக்டர்:
அக்கா, நான் அந்த ஸ்காலர்ஷிப்பில் படித்து நான்கு வருஷம் ஆர்மியில் வேலை பார்த்தவன். ஃபீஸ், புத்தகம், கருவிகள் எல்லாம் அவர்கள் பொறுப்பு, அதுபோக மாதம் 2,000 டாலருக்கு மேல் கைக்கு வரும். பதிலுக்கு, அவர்கள் பணம் கட்டிய ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வருஷம் முழுநேர சேவை, குறைந்தது மூன்று. மொத்த ஒப்பந்தம் 8 வருஷம். மீதி வருஷங்களில் வீட்டில் இருக்கலாம், ஆனால் தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிட அவர்களுக்கு உரிமை உண்டு.

வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் 19, 20 வயசுப் பிள்ளைகள். ஒரு பையனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டும் சொத்தை, அதுவரை டென்டிஸ்டிடம் போனதே இல்லை. நான் கிளாஸ் 3, அதாவது உடனே சிகிச்சை தேவை, என்று எழுதினால் அவன் யூனிட்டோடு கிளம்ப முடியாது, அவர்களோ மூன்று வாரத்தில் போகிறார்கள். ஒன்றைப் பிடுங்கி, இன்னொன்றுக்கு ரூட் கெனால் செய்து, கிளம்பத் தடையில்லாத கிளாஸ் 2 ஆக்கி அனுப்பினேன். இன்ஷூரன்ஸ் கட்டுமா என்ற பேச்சே எழவில்லை. அப்படி வைத்தியம் பார்க்கக் கிடைத்ததை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அவனிடம் ஒன்று கேளுங்கள், மேற்கொண்டு ஸ்பெஷாலிட்டி படிக்கும் எண்ணம் இருக்கிறதா? ராணுவம் எந்த வருஷம் எத்தனை இடம் தருகிறதோ அதற்குள்தான் போட்டி போட வேண்டும், பல் வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோ படிப்புக்கு இடம் மிகக் குறைவு. அந்தப் படிப்புக் காலம் நாம் செய்ய வேண்டிய சேவை வருஷங்களில் கழியாது, புதிதாகச் சேவை வருஷங்கள் கூடவும் வாய்ப்பு உண்டு. ஆர்த்தோ டாக்டர் ஆவதுதான் அவன் கனவு என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். படித்து முடித்த பிறகும் சேரலாம், அப்போது கடனை அடைக்க உதவும் திட்டம் தனியாக இருக்கிறது.

டாலஸ் சித்தி:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் ஓ.சி.ஐ. கார்டு கிடையாது என்பது இந்திய அரசின் விதி. என் அண்ணன் மகன் அப்படித்தான், தாத்தா தவறியபோது மேலிடத்தில் அனுமதி வாங்கி, விசா எடுத்து, அவன் மதுரை வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. வாசலில் நின்று அழுதான், எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஊரில் பெரியவர்கள் இருந்தால் இதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நியூஜெர்சி அம்மா:
ரொம்ப நன்றி. சித்தி, என் மாமியார் தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார், இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. தம்பி, அவனுக்கு ஆர்த்தோ ஆசை எல்லாம் இல்லை, பொது டென்டிஸ்ட்டாக இருந்தால் போதும் என்கிறான். ஆனால் சின்ன வயசில் வீசிங் உண்டு, 14 வயசு வரை இன்ஹேலர் வைத்திருந்தான். அது பிரச்சினையா?

டெக்சஸ் பல் டாக்டர்:
ஆமாம் அக்கா. 13 வயசு முடிந்த பிறகு ஆஸ்துமா இருந்தால் தகுதிக் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். விலக்கு கேட்கலாம், கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆள் சேர்க்கிறவர் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாலும் மறைக்க வேண்டாம், பின்னால் தெரிந்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக எப்போது இன்ஹேலர் வாங்கினீர்கள் என்று பார்மசியில் கேட்டு ஒரு பிரிண்ட் எடுத்து வையுங்கள், நுரையீரல் டாக்டரிடமும் இந்த மாதமே நேரம் வாங்கிவிடுங்கள்.