தம்பியின் ஓவியங்கள் தேர்வாகவில்லை, உள்ளே இருப்பவனிடம் எப்படிச் சொல்வது?

மலர்_அக்கா:
என் தம்பி ஒரு மத்திய சிறையில் தண்டனைக் கைதி. வழக்கைப் பற்றி இங்கே வேண்டாம். உள்ளே போன பிறகுதான் வரைய ஆரம்பித்தான், நீலப் பால்பாயிண்ட் பேனா, கோடு போட்ட நோட்டுத்தாள், அவ்வளவுதான் சாமான். பெரும்பாலும் கைகளைத்தான் வரைகிறான், தறியில் நூல் கோக்கும் கை, தட்டைப் பிடித்திருக்கும் கை என்று. நான் போனில் படம் எடுத்து ஒரு போட்டிக்கும் ஒரு பத்திரிகைக்கும் அனுப்பினேன். போட்டியில் தேர்வாகவில்லை, பத்திரிகையிலிருந்து "பயன்படுத்த இயலவில்லை" என்று ஒற்றை வரி. மனு பார்க்க, அதாவது சிறையில் அவனை நேரில் சந்திக்க, போனால் உட்காருவதற்கு முன்பே "பதில் வந்துச்சாக்கா?" என்கிறான். "பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லிடு, புள்ள மனசு ஒடிஞ்சிடும்" என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?

பழைய_பிளாக்:
சொல்லிவிடுங்கள் சகோதரி. உள்ளே இருந்தபோது நானும் கவிதை எழுதி அனுப்பியவன்தான். வேண்டாம் என்று வந்த பதிலைவிட வராத பதில்தான் ஆளைத் தின்னும். வெளியே இருப்பவன் டீக்கடையில் நாலு பேரைத் திட்டிவிட்டு மறந்துவிடுவான், உள்ளே சாயங்காலம் லாக்கப் போட்டால் விடியும்வரை அதே நினைப்புதான். அதனால் மனு முடியும் நேரத்தில் போட்டு உடைத்துவிட்டு வராதீர்கள், போனதும் சொல்லுங்கள், பேசித் தீர்க்க நேரம் இருக்கும். இன்னொன்று, "கைதின்னுதானே ஒதுக்கிட்டாங்க" என்பதுதான் அவனுக்கு முதலில் தோன்றும். அவன் எங்கே இருக்கிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மலர்_அக்கா:
எழுதவில்லை அண்ணா. பெயரும் ஊரும் மட்டும்தான்.

லேஅவுட்_ராஜா:
வார இதழில் பல வருடம் பக்கம் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கதைக்குப் படம் வேண்டுமென்றால் கதையைக் கொடுத்துத்தான் ஓவியரிடம் வரைந்து வாங்குவோம். யாரும் கேட்காமல் தானாக வரும் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கத்தில் அதற்கு இடமே இருக்காது. அந்த ஒற்றை வரியில் அவன் திறமையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, அதை அவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். சிறுபத்திரிகைகளுக்கு அனுப்பிப் பாருங்கள், கோட்டோவியம் அங்கே அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் போகும். கோடில்லாத வெள்ளைத்தாள் கொடுக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள்.

கடலோரம்:
இங்கிலாந்தில் 1962 முதல் கைதிகளின் கலைப் படைப்புகளுக்கென்றே கோஸ்ட்லர் விருது இருக்கிறது. அதைத் தொடங்கிய எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லரே 1937இல் ஸ்பெயினில் சிறையில் இருந்தவர். பரிசு கிடைக்காத பலருக்கும் அவர்கள் படைப்பைப் பார்த்து எழுதிய கருத்து போகிறது, எனக்கு அதில் பிடித்ததே அதுதான். நாம் அதற்கு அனுப்ப முடியாது. ஆனால் யாராவது ஓர் ஓவியரைப் பிடித்து, தம்பியின் படங்களைப் பார்த்து அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லலாமே? அமெரிக்காவில் ஜெஸ்ஸி கிரைம்ஸ் என்ற ஓவியர் கைதியாக இருந்தபோது சிறைப் படுக்கை விரிப்புகளில், செய்தித்தாள் படங்களை ஹேர் ஜெல்லும் கரண்டியும் வைத்துத் தேய்த்துப் பதித்து, ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிவிட்டார். 39 விரிப்புகளும் சேர்ந்த முழுப் படத்தை விடுதலையான பிறகுதான் அவரே பார்த்தார். தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பழைய_பிளாக்:
கடலோரம், நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் இந்த மாதிரிக் கதை இப்போது வேண்டாம். தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பவனுக்கு ஜெயித்தவன் கதை இன்னொரு அடி மாதிரிதான் விழும். அரைப் பக்கக் கருத்து யோசனை மட்டும் அருமை, ஆனால் சும்மா புகழ்ந்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவான். கட்டைவிரல் சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுதட்டும்.

மலர்_அக்கா:
சரி, அடுத்த மனுவில் சொல்லிவிடுகிறேன். அம்மாவை அன்றைக்கு மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். ராஜா சார், சிறுபத்திரிகைக்கு மூலப் படத்தையே தபாலில் அனுப்பலாமா?

லேஅவுட்_ராஜா:
வேண்டவே வேண்டாம்மா, திரும்பி வராது. ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐயில் கலரில் ஸ்கேன் பண்ணி மெயில் பண்ணுங்கள், போன் படத்தில் நிழல் விழும். எனக்கும் இரண்டு படம் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அந்த அரைப் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன்.